வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாத அரண்மனை

பல நாடுகளின் நிலவரம் கணித்துச் சொல்லும் இந்த வேலைக்குப் புதிதாக வரும் உங்களைப் போன்ற பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு நாடு போருக்குப் போகுமா போகாதா என்று எப்படி மேடம் கண்டுபிடிக்கிறது? கேட்கும்போதே அந்த நாட்டின் கடன், கையிருப்பு, படைபலம், கோதுமை இறக்குமதி என்று எல்லாவற்றையும் கணினியில் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நானும் ஒரு காலத்தில் அடுக்கியவள்தான். ஆனால் சில நாடுகளில் முடிவு எடுப்பது நாடு இல்லை, ஒரு ஆள். அந்த ஆளுக்குக் கோதுமைக் கணக்கு தெரியாது. தெரிந்தாலும் கவலை கிடையாது. இதை எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தரவில்லை. டெக்சாஸில் குளிரூட்டிய ஒரு அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். இர்விங் ஊரில் லாஸ் கொலினாஸ் பகுதியில் எங்கள் அலுவலகம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு இயந்திரம் பூட்டிக் கொடுக்கும் கம்பெனி. வெளிநாடுகளில் வேலை எடுக்கும் முன்னும் எடுத்த பின்னும் அந்த நாட்டில் கலவரம் வருமா, ஆட்சி கவிழுமா என்று பார்த்துச் சொல்ல மூன்று பேர் கொண்ட ஒரு சின்னப் பிரிவு. அதில் கடைக்குட்டி நான். பொள்ளாச்சியிலிருந்து போய் அங்கே படித்து, கம்பெனி போட்டுக் கொடுத்த விசாவில் வேலை செய்துகொண்டிருந்தேன். கிரீன் கார்டுக்கும் அவர்கள்தான் விண்ணப்பித்திருந்தார்கள். ஆகவே மீட்டிங்கில் வாயைத் திறக்கும் முன் இரண்டு தரம் யோசிக்கிற நிலைமை.

அந்த மாதத் தொடக்கத்தில் ஈராக்கின் படை குவைத்துக்குள் புகுந்தது. எங்களுக்கு ஈராக்கில், பாக்தாத்துக்கு வெளியே, ஒரு ஆலையில் பாதி முடிந்த வேலை இருந்தது. அங்கே மேலாளராக இருந்த அமெரிக்கரை அரசாங்க ஆட்கள் வந்து அழைத்துப் போய்விட்டார்கள். 'விருந்தாளி' என்று பெயர் வைத்து, குண்டு விழக்கூடிய இடங்களில் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் அந்த விருந்து. மீதி இருந்தவர்கள் ஒன்பது இந்தியர்களும் அவர்களுக்குப் பொறுப்பாக எஞ்சினியர் ஜெபராஜும். ஜெபராஜ் பாளையங்கோட்டைக்காரர். அவர் மனைவி ஷீலாவும் ஐந்து வயது மகளும் இர்விங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அபார்ட்மெண்டில் இருந்தார்கள். ஷீலா என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களை ஜோர்டான் எல்லை வழியாகப் போக விட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு விடுகிறார்கள், நாளைக்கு விடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது. அதனால் கேள்வி மிக எளிமையானது. இந்தப் பத்துப் பேரையும் உடனே கிளம்பச் சொல்வதா, ஆலையிலேயே இருக்கச் சொல்வதா?

இருக்கச் சொல்ல வேண்டும் என்பது துரையின் விருப்பம். துரை என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டது எங்கள் வைஸ் பிரசிடெண்டை. ஆறடிக்கு மேல் உயரம், குரலும் அதே அளவு. அந்த ஆலையை அவர் தன் பிள்ளையைப் போலப் பார்த்தார். அவர் கணக்கு இது: அந்த ஆட்சியாளர் கிழக்கே இருக்கும் அண்டை நாட்டுடன் எட்டு வருடம் போர் நடத்தி ஓய்ந்துபோயிருக்கிறார், நாடு கடனில் கிடக்கிறது, உலகமே எதிர்த்து நிற்கிறது, கூடிய சீக்கிரம் ஏதாவது சாக்குச் சொல்லிக் குவைத்திலிருந்து வெளியேறிவிடுவார், அப்போது ஆளில்லாமல் கிடக்கும் ஆலைக்குள் போட்டிக் கம்பெனிக்காரன் நுழைந்துவிடுவான்.

இதில் எதுவும் முட்டாள்தனம் இல்லை, கவனியுங்கள். நாங்கள் வழக்கமாக ஆலோசனை கேட்கும் வெளி நிபுணர்கள், பேராசிரியர்கள், ஓய்வுபெற்ற தூதர்கள் எல்லோருமே ஏறத்தாழ இதைத்தான் சொன்னார்கள். அவர் வெளியேறுவார் என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒவ்வொருவரும் ஒரு எண் சொல்வார்கள். அவற்றைக் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்து மேலே அனுப்புவோம். அதுதான் எங்கள் பிரிவின் முறை. அந்த முறையை எல்லோரும் மதித்தார்கள், நானும்தான்.

அந்தச் சமயத்தில் ஒரு செய்தி வந்தது. எட்டு வருடப் போரில் பக்கத்து நாட்டிடமிருந்து பிடித்து வைத்திருந்ததை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று அந்த ஆட்சியாளர் அறிவித்துவிட்டார். எங்கள் பிரிவில் ஒரே குதூகலம். பார்த்தாயா, மனிதர் இறங்கி வருகிறார், அடுத்தது குவைத்துதான் என்றார்கள். சராசரி எண் இன்னும் மேலே ஏறியது. துரை மறுநாள் காலையில் கூட்டம் போடச் சொன்னார்.

எனக்கு அந்தச் செய்தியில் ஏதோ இடித்தது. ஏன் என்று அப்போது உடனே சொல்லத் தெரியவில்லை. ஃப்ரீவேயில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். எட்டு வருடம். ஒவ்வொரு தெருவிலும் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு இருக்கும். எதற்காகச் செத்தார்கள் என்று கேட்டால் இந்தத் துண்டு நிலத்துக்காக, இந்த ஆற்றுக்காக என்றுதான் சொல்லியிருப்பார்கள். அத்தனையையும் ஒருவர் ஒரே நாளில் தூக்கிக் கொடுக்கிறார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு அமைச்சர் பதவி விலகவில்லை. ஒரு தளபதி முகம் சுளித்ததாகச் செய்தி இல்லை. இது இறங்கி வருகிற ஆள் செய்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்து எல்லையில் நிற்கும் படையை இந்தப் பக்கம் கொண்டுவர வழி செய்கிறார் என்று பட்டது. அதைவிடப் பயமாக இருந்தது வேறொன்று. எட்டு வருடத்தைத் தூக்கிப் போடக்கூடியவரை எந்த நாட்டு நலன் கட்டிப்போடும்?

வழியில் ஷீலா வீட்டில் நிறுத்தினேன். மகள் தரையில் படுத்துக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷீலா காப்பி போடக்கூட எழுந்திருக்கவில்லை.

"அவிய நேத்து போன்ல பேசினாவக்கா. நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கேன்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்லுதாவ. தமிழ்ல பேசினா ஒட்டுக் கேக்குதவன் லைன கட் பண்ணிருதான். இங்கிலீஷ்ல என்னத்தப் பேச? ஆபீஸ் என்ன சொல்லுதோ அதச் செய்வேங்காவ. ஆபீஸ்ல என்ன சொல்லுதாங்க?"

"நாளைக்குத்தான் மீட்டிங் ஷீலா."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

நான் மகளின் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். மேசை நடுவில் ஸ்பீக்கர் ஃபோன். அதில் எங்கள் நிபுணர்களில் ஒருவர், அந்தப் பிரதேசத்தில் பல வருடம் இருந்த ஓய்வுபெற்ற தூதர், இணைப்பில் இருந்தார். என் மேலாளர் சராசரி எண்ணை வாசித்தார். துரை தலையாட்டினார். "சரி, ஆட்கள் அங்கேயே இருக்கட்டும். இதில் யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கிறதா?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். ஃபைலை மூடும் சத்தம் கூடக் கேட்டது.

நான் கையைத் தூக்கினேன். என் வேலை போனால் விசா போகும், விசா போனால் மூட்டை கட்ட வேண்டும். இது எல்லாம் அந்த நொடியில் மனதில் ஓடியது. கூடவே தரையில் படுத்துக் கார்ட்டூன் பார்த்த குழந்தையும். பேசியதெல்லாம் ஆங்கிலத்தில், என் தமிழில் சொல்கிறேன்.

"தூதரிடம் ஒரு கேள்வி. இந்த முடிவு தவறு, வேண்டாம் என்று அந்த ஆட்சியாளரின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர் ஒருவர் பெயரைச் சொல்ல முடியுமா?"

ஸ்பீக்கர் ஃபோனில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று துரை குனிந்து பார்த்தார். பிறகு தூதரின் குரல் மெதுவாக வந்தது.

"போன போரின்போது ஒரு அமைச்சர் ஏதோ யோசனை சொன்னதாகப் பேச்சு உண்டு. அவர் இப்போது உயிரோடு இல்லை."

"அப்படியென்றால் நாம் சராசரி எடுத்தது யாருடைய கருத்தை? ஒரு புத்திசாலி அரசாங்கம் என்ன செய்யும் என்று இத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். அங்கே அரசாங்கம் இல்லை, ஒரு மனிதர்தான் இருக்கிறார். குவைத்தைத் தன் நாட்டின் பகுதி என்று ஊரறியச் சொல்லிவிட்டார். இனி அதிலிருந்து பின்வாங்கினால் நாட்டுக்கு லாபம், அவருக்கு அவமானம். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்லவும் ஆளில்லை."

துரையின் முகம் சிவந்தது. "அவர் வெளியேறிவிட்டால்? எல்லாக் கம்பெனியும் அங்கே இருக்க, நாம் மட்டும் ஓடிவந்தவர்களாக நிற்போம். அதற்கு நீ பொறுப்பேற்பாயா?"

"நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆட்களைத் திரும்ப விமானம் ஏற்றி அனுப்பலாம். வெளியேறாவிட்டால் குண்டு விழும் இடங்களில் சுத்திகரிப்பு ஆலையும் ஒன்று. அங்கே நம் பத்துப் பேர் இருப்பார்கள். அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது, சார். தெரியாது என்பதால்தான் சொல்கிறேன்."

என் மேலாளர் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் உள்ளுக்குள் இதே சந்தேகம் இருந்திருக்கிறது என்று பிறகு சொன்னார். அந்த அறையில் அப்படி இன்னும் யார் யார் இருந்தார்களோ. துரைக்கு எது பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதையே நயமாகச் சொல்லிச் சொல்லி அவரையும் நம்ப வைத்திருந்தோம். பாக்தாத் அரண்மனை பற்றிப் பேச வந்த எங்களுக்கு எங்கள் அறையே கண்ணில் படவில்லை.

"இந்த அறையில் நீ ஒருத்திதான் இப்படிச் சொல்கிறாய், தெரியுமா?" என்றார் துரை.

"தெரியும் சார்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது. "ஆட்களைக் கிளம்பச் சொல். ஃபோன் நீதான் செய்ய வேண்டும். அவர்கள் குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் நீதான்."

இணைப்பு கிடைக்கப் பாதி நாள் ஆனது. ஆங்கிலத்தில், கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாம் காதுக்காகவும் சேர்த்து, உங்கள் பத்துப் பேருக்கும் விடுமுறை கொடுத்தாகிவிட்டது, தாமதிக்காமல் கிளம்புங்கள் என்றேன். பிடித்துக்கொண்டு போன மேலாளரை விட்டுவிட்டு எப்படி என்று ஜெபராஜ் கேட்டார். அவருக்காக நீங்கள் அங்கே இருந்து செய்யக்கூடியது எதுவும் இல்லை என்றேன். அதைச் சொல்ல எனக்கு வாய் கூசியது. ஆனாலும் அதுதான் உண்மை. யூசுப் வண்டி ஏற்பாடு செய்வார் என்று சொல்லி ஃபோனை வைத்தார். யூசுப் அங்கே எங்கள் அலுவலகத்தின் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்ட ஈராக்கியர்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைக்க இப்போதும் எனக்குப் பிடிக்காது. எந்தத் தகவலும் இல்லை. தொலைக்காட்சியில் ஜோர்டான் எல்லையைக் காட்டினார்கள். பொட்டல் வெளியில் கூடாரங்கள், தண்ணீர் லாரியைச் சுற்றிக் கூட்டம், பாட்டிலுக்காகக் கைகலப்பு. கூடவே சமாதானப் பேச்சு நடக்கிறது, இன்றோ நாளையோ உடன்பாடு வரும் என்றும் செய்தி. துரை தினமும் காலையில் என் இடத்துக்கு வந்து நிற்பார். "தகவல் உண்டா?" என்பார். இல்லை என்பேன். வேறு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று இருக்கும்.

ஷீலா திட்டினாள். "ஆலையில இருந்தா தலைக்கு மேல கூரையாவது இருந்திருக்கும்லாக்கா. டிவில பாத்தீங்களா? தண்ணிக்கு அடிச்சிக்கிடுதாங்க. அவியளுக்கு சுகர் இருக்கு. நீங்க சொல்லித்தான் கிளம்பினாவளாம்."

"ஆமா ஷீலா. நான்தான் சொன்னேன்."

"நாளைக்கே சமாதானம் ஆயிருச்சின்னா?"

"ஆயிடட்டும். நீ என்னை எவ்வளவு வேணா திட்டு. நான் வாங்கிக்கறேன்."

வெளியே தைரியமாகச் சொல்லிவிட்டுக் காரில் உட்கார்ந்து அழுதேன். சர்க்கரை நோய் இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சொல்லியிருப்பேன். ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

முதலில் வந்தது யூசுப்பின் ஃபோன். எல்லை வரை தானே வண்டி ஓட்டிக் கொண்டுவிட்டு பாக்தாத் திரும்பியிருந்தார். பத்துப் பேரும் அந்தப் பக்கம் கடந்துவிட்டார்கள், எல்லோரும் நலம் என்றார். நான் நன்றி சொல்லி, பழக்கத்தில், நீங்களும் உங்கள் குடும்பமும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவருடைய இரண்டு மகன்களும் படைக்கு அழைக்கப்பட்டிருந்தது எனக்குத் தெரியும். அவர் குரல் சட்டென்று மாறியது. மேடையில் பேசுகிற குரல். "நாங்கள் மிக நன்றாக இருக்கிறோம். எங்கள் தலைவர் எல்லாம் அறிந்தவர். மக்கள் முழுவதும் அவர் பின்னால் நிற்கிறார்கள்." ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். ஃபோனை வைத்த பிறகு நெடுநேரம் அந்தக் குரல் காதில் இருந்தது. அந்த நாட்டில் மேலே போகிற ஒவ்வொரு குரலும் இப்படித்தான் இருக்கும், அந்த மனிதர் காலையிலிருந்து மாலை வரை இதை மட்டுமேதான் கேட்டுக்கொண்டிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. போர் வந்தால் அந்த ஆட்சியாளர் தோற்பார் என்று எனக்கு நிச்சயமாகப் பட்டதும் அன்றைக்குத்தான்.

ஜெபராஜ் செப்டம்பரில் இர்விங் வந்து சேர்ந்தார். ஆள் பாதியாக இருந்தார். ஷீலா ஒரு பாத்திரம் நிறையக் கோழிக் குழம்பை என் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இங்கே நிறுத்தினால் உங்களுக்கு நான் பெரிய தீர்க்கதரிசி என்று தோன்றும். அதனால் அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். பிடித்து வைத்த விருந்தாளிகளைப் போர் முடியும் வரை அவர் விடவே மாட்டார் என்று நான் அடித்துச் சொன்னேன். அவர்கள் இருக்கும் இடத்தில் குண்டு போட எதிரி நாடுகள் தயங்கும். கையில் இருக்கும் ஒரே கேடயத்தை யாராவது விடுவார்களா? டிசம்பரில் திடீரென்று எல்லோரையும் விட்டுவிட்டார். பாக்தாத்தில் பிடிபட்டிருந்த எங்கள் மேலாளரும் வீடு வந்து சேர்ந்தார். துரை என் மேசைக்கு வந்து, "இதற்கு என்ன சொல்கிறாய்?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. குவைத்துக்குள் போனதும் யாரையும் கேட்காமல், விருந்தாளிகளை விட்டதும் யாரையும் கேட்காமல். அவர் மனதைப் படித்துவிட்டேன் என்று நினைத்த அன்றே நானும் அந்தச் சராசரி எண்ணைப் போலத் தப்பாகிவிட்டேன். ஆகவே பிள்ளைகளே, இப்படிப்பட்ட ஆளைப் பற்றி உங்களிடம் கேட்டால், அவர் என்ன செய்வார் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கப் பார்க்காதீர்கள். எதைச் செய்தாலும் நம் ஆட்கள் பிழைப்பார்களா என்று பாருங்கள். நம்மால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

ஜனவரியில் குண்டு விழ ஆரம்பித்தது. உலக நாடுகள் வைத்த கெடு முடியும் கடைசி நாள் வரை வெளியேற அவருக்கு வழி இருந்தது, வெளியேறவில்லை. வான் தாக்குதலில் வாரக்கணக்காக அடிவாங்கிய பிறகு, தரைப்போர் தொடங்கியதும் வானொலியில் பின்வாங்கச் சொன்னார். ஆகஸ்டில் கௌரவமாக நடந்து வந்திருக்கக்கூடிய படை, பிப்ரவரியில் திறந்த சாலையில் தலைக்கு மேல் விமானங்களோடு ஓடியது. எங்கள் ஆலை எரிந்துபோனது. அந்தச் செய்தி வந்த அன்று துரை தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மாலையில் வெளியே வந்தவர், என்னைக் கடந்து போகும்போது தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

போர் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து ஷீலா வீட்டில் மதியச் சாப்பாடு. பாக்தாத் எண்ணை நான் பல தடவை முயன்றும் இணைப்புக் கிடைக்கவில்லை, யூசுப்பைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று ஜெபராஜைக் கேட்டேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஒண்ணும் தெரியலக்கா. பையங்க ரெண்டு பேரும் குவைத்லதான் இருந்தாங்க." தண்ணீரைக் குடித்துவிட்டு அவரே தொடர்ந்தார். "பார்டருக்குப் போகும்போது வண்டியில நானும் அவரும் முன்னால உக்காந்திருந்தோம். எதுக்குத் திடீர்னு போகச் சொல்லுதாங்கன்னு கேட்டார். எங்க ஆபீஸ்ல வைஸ் பிரசிடெண்ட் இருங்கன்னுதான் சொன்னாராம், ஒரு மேடம் எந்திரிச்சி அது தப்புன்னுட்டாங்களாம், அதனாலதான் கிளம்புதோம்னு, ஆபீஸ்ல ஒருத்தர் போன்ல சொல்லியிருந்தத அப்படியே சொன்னேன். எல்லார் முன்னாலயுமான்னு கேட்டார். ஆமான்னேன்."

"அப்புறம்?"

"அந்த மேடம் இப்ப உயிரோட இருக்காங்களான்னு கேட்டார். நான் சிரிச்சிட்டேங்க்கா. அவர் சிரிக்கல. ரோட்டயே பாத்து ஓட்டிக்கிட்டு மறுபடியும் அதையே கேட்டார். நல்லாயிருக்காங்க, நாளைக்கும் ஆபீஸ் வருவாங்கன்னு சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. அவர் நம்பலக்கா."